பாயாசம் வரும்வரை

இலை போட்டாச்சு. இனிமேல் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், என்ன அண்ணாச்சி அதுக்குள்ள என்பார்கள், அதனால் கோமதிநாயகம் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தெளித்து இலையைத் துடைத்தார். பைக்குள் செல்போன் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் கண் மட்டும் பையின் விளிம்புக்கு மேலே துளியூண்டு எட்டிப் பார்த்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்து வைத்த உயரம் அது. எதிர் வரிசை முழுக்க விழும், பரிமாறுகிறவன் கை விழும், முகம் விழும். இன்றைக்கு இந்தக் கூட்டத்தின் வண்டவாளம் தண்டவாளம் ஏறப்போகிறது. அப்படி நினைத்த மாத்திரத்தில் அவருக்குத் திக்கென்றது, ஏனென்றால் இந்த மண்டபத்தில் நினைப்பதுதான் ஆபத்து. இங்கே வாயைப் பொத்திப் பிரயோசனமில்லை, மனசைத்தான் பொத்த வேண்டும். அவர் உடனே உள்ளுக்குள் ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ என்று ஆரம்பித்தார். இத்தனை காலம் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிற மனுசருக்கு வேறென்ன மந்திரம் தெரியும். சடங்கு வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், காதுகுத்து, எதுவானாலும் நாயகம் சவுண்ட் சர்வீஸ் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத தெரு சங்கரன்கோவிலில் கிடையாது. ஹலோ ஹலோ. ஒன் டூ த்ரீ. உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது, அவர் இலையின் நரம்பைப் பார்த்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அடுத்தவன் மனசுக்குள் ஓடுவது அப்படியே காதில் விழுகிற ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு நூறு குடும்பமாவது இருக்கும், நம்மோடுதான் ரேஷன் கடையில் நிற்கிறார்கள், நம்மோடுதான் தேர் இழுக்கிறார்கள், நம்மை உரித்துப் பார்த்துக்கொண்டே ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டு வாசலில் கைமைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் எத்தனை சாயங்காலம் தொண்டை வறளப் பேசியிருக்கிறார். நோட்டீஸ் அடித்தார், வாங்கினவன் அதில் சுண்டல் மடித்தான். யூடியூபில் போட்டார், கீழே நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். மருந்துக்கடை நல்லபெருமாள் நாம் வாயைத் திறக்கும் முன்னே மாத்திரையை எடுத்து வைக்கிறானே அது எப்படி, யோசித்துப் பாருங்கள் என்றால், எல்லாம் தொழில் அனுபவம் அண்ணாச்சி என்கிறார்கள். டவுன் பஸ் கண்டக்டர் நாம் ஊரைச் சொல்வதற்குள் டிக்கெட்டைக் கிழிக்கிறானே என்றால், தெனமும் போறவருதான நீரு என்கிறார்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது இந்த உலகம், முன்னால் யானை வந்து நின்றாலும் பக்கத்து வீட்டு எருமை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டும். மைக் நாயகம் என்று பட்டம் வந்ததுதான் மிச்சம். ஆனால் அந்தக் கூட்டம் தப்புப் பண்ணுகிற இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். வெளியாள் முன்னால் எதையும் வாயால் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், பதில் வருகிறவரை கை நிற்க வேண்டும் என்று அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சின்னதிலேயே பழக்குகிறார்கள். பழக்கினாலும் சமயத்தில் கை முந்திவிடும். காபி வேணுமா என்று வாய் கேட்கிறபோதே டம்ளர் நம் மூக்குக்குக் கீழே நீட்டியிருக்கும். தங்கள் ஆட்களே கூடுகிற இடத்தில் அந்த வேஷமும் கிடையாது. அதனால்தான் தங்கள் கல்யாணத்தில் பரிமாறக் கூலிக்கு ஆள் வைக்கமாட்டார்கள், சொந்தபந்தமே வாளியைத் தூக்கும். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று ஒருத்தரும் கேட்காத பந்தி, போதும் என்று ஒருத்தரும் கையை மறிக்காத பந்தி, அதை முதலிலிருந்து கடைசி வரை படம் பிடித்துப் போட்டுவிட்டால் எந்த மடையனும் நம்பித்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறார். வேறு எதற்காகவும் இல்லை. ஹலோ ஹலோ, வேறு எதற்காகவும் இல்லை, மைக் டெஸ்டிங்.

உள்ளே வரும்போது வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றது பிச்சுமணி. கல்யாணப் பெண்ணின் அப்பா. பெண்டாட்டி வடிவுக்கு அண்ணன், அப்படியானால் நாயகத்துக்கு மச்சான், இன்னமும் மச்சான்தான், உறவு அத்துப்போச்சு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே. பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்திருக்கிறோம், சட்டையைப் பிடித்து வெளியே தள்ளுவார், தள்ளட்டும், அதுவும் படத்தில் விழட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனால், மனுசர் சிரித்த முகமாக "வாங்க மாப்ள" என்றார். சந்தனத்தை நீட்டினார், ரோஜாப்பூவை நீட்டினார், அப்புறம் பைப் பக்கமாகக் குனிந்து, "இன்னும் கொஞ்சம் நிமித்தி வச்சுக்கிடுங்க. இல்லன்னா எல்லாருக்கும் இடுப்புதான் விழும்," என்றார். நாயகத்துக்கு மூஞ்சி செத்துப்போச்சு. தெரிந்தும் உள்ளே விடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம். இவன் என்னத்தப் பிடுங்கிடப்போறான் என்கிற எகத்தாளமா, இல்லை வேறு ஏதாவதா, வேறு என்றால் என்ன. "மொதப் பந்தி முடியட்டும், நீங்க ரெண்டாம் பந்தில உக்காருங்க," என்று வேறு சொன்னார். ஏன் ரெண்டாம் பந்தி. அவர்கள் வழக்கத்தில் ரெண்டாம் பந்திக்குப் பெண்ணுக்கு அத்தை முறை உள்ளவள்தான் பாயாசம் ஊற்ற வேண்டும், அது நாயகத்துக்குத் தெரியும். பிச்சுமணிக்கு ஒரே தங்கச்சி, அதுவும் தெரியும். தெரிந்தால் என்ன, பாயாசத்தை யார் ஊற்றினால் என்ன, படத்தில் விழுந்தால் சரி. ஒன் டூ த்ரீ. அவளுக்கு இப்போது நரைத்திருக்குமா. காதோரம்தான் முதலில் நரைக்கும், கல்யாணமான புதிதிலேயே அங்கே ஒரு முடி வெள்ளையாக இருந்தது, பிடுங்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம், பிடுங்கினா இன்னும் நாலு வரும் என்றாள். ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீ. ஒரு முடி ஞாபகத்தை மறைக்க எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது.

கூட்டு வந்தது, அவியல் வந்தது. பந்தியில் சத்தமே இல்லை. வாழ்நாள் முழுக்கச் சத்தத்தை விற்றுப் பிழைத்தவருக்கு அந்த அமைதியில் ஒயர் எங்கே கழன்றது என்று தேடத் தோன்றியது. நம் ஆட்கள் பந்தி என்றால் எப்படி இருக்கும், தம்பி இங்க ஒரு அப்பளம், ஏல அந்த வாளிய இங்கிட்டுக் கொண்டா, போதும்ங்கேன், அட சும்மா வச்சுக்கிடுங்க மாமா என்று காது கிழியும். இங்கே கரண்டி வாளியில் தட்டுகிற சத்தம், மின்விசிறிச் சத்தம், அவ்வளவுதான். எதிர் வரிசையில் ஓர் ஒல்லி மனுசரின் இலையைப் பருப்பு வாளி நிற்காமலே தாண்டிப் போனது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த இலையில் ரெண்டு கரண்டி விழுந்தது, அந்த அம்மாள் வாய் பேசவில்லை, ஆனால் முகத்தில் ஒரு நிறைவு. ஒருத்தருக்கு மூன்று அப்பளம், ஒருத்தருக்கு ஒன்று, ஒருத்தருக்கு நெய் தாராளமாக, ஒருத்தருக்கு நெய்யே இல்லை. எல்லாம் படத்தில் விழுந்துகொண்டிருந்தது, குதிக்க வேண்டியவர் நாயகம். ஆனால் அவர் இலைக்கு முன்னால் வந்தபோது மட்டும் ஒவ்வொருத்தரும் நின்றார்கள். "அண்ணாச்சி, அவியல் வைக்கட்டுமா?" கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பதில் வருகிறவரை. "அண்ணாச்சி, பருப்பு ஊத்தட்டுமா?" வெளியாள் அல்லவா. எத்தனை மரியாதை, அந்த மரியாதை ஒவ்வொன்றும் செருப்படியாக விழுந்தது. கொஞ்சம் என்றார். கொஞ்சமே விழுந்தது. அவருக்கு வேண்டியது கொஞ்சமில்லை என்பது அந்தப் பயலுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் சொன்னதற்கு மேல் ஒரு பருக்கை வைக்கவில்லை. பலகாரக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. எத்தனை வருசமாக ஓட்டல் சாப்பாடு, எத்தனை பேர் சார் என்ன சாப்பிடுறீங்க, சார் வேற என்ன வேணும் என்று தலைமாட்டில் நின்றிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு எரிச்சலாக வரும், பதில் தெரியாத பையன் மாதிரி முழிப்பார், எனக்கு என்ன வேணும்னு எனக்கு எங்கடா தெரியும், அது அவளுக்குத்தாண்டா தெரியும் என்று ஒருநாள் வாய்வரை வந்துவிட்டது, ஒரு சாதா தோசை என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

அவளுக்குத் தெரியும். முதலில் அதைப் பாசம் என்றுதான் நினைத்தார். வேறென்ன நினைப்பான் ஒரு புது மாப்பிள்ளை. கொடை முடித்து, குழாயெல்லாம் அவிழ்த்து, கண் எரிய வந்து கட்டிலில் விழுந்தால் வெந்நீர் காய்ந்திருக்கும். பசி இல்லை என்று வாய் சொல்லும், சோறு பிசைந்து தட்டில் வந்து நிற்கும், பார்த்ததும் பசிக்கும். மோர் குடித்தால் தேவலை என்று உள்ளே ஒரு நினைப்பு எழும்புவதற்குள் செம்பு வந்துவிடும், பெருங்காயம் தூக்கலாக, கறிவேப்பிலையைக் கிள்ளாமல் கசக்கிப் போட்டு. மோர் வேணுமா என்று கேட்டுக்கொண்டே நீட்டுவாள், வளையல் சத்தமும் கேள்வியும் ஒன்றாக வரும். கடைக்கு வருகிறவனிடமெல்லாம் பெருமை அடிப்பார், நமக்கு வாய்ச்சவ மாதிரி யாருக்கும் வாய்க்காதுய்யா என்று. அப்புறம் அந்த ஆஸ்பத்திரி. நாலாவது மாசத்தில் கலைந்துபோயிற்று. அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள், இவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார், டெட்டால் வாடை, பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ பிறந்த குழந்தை கத்துகிறது. வடிவுக்கு முன்னால் பார்த்த அந்தக் கடையநல்லூர்ப் பெண்ணைக் கட்டியிருந்தால் இந்நேரம் ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் என்று ஒரு நினைப்பு. நினைப்புதானே, ஈ வந்து உட்காருகிற மாதிரி வந்து உட்கார்ந்தது, அவர் கூப்பிடவா செய்தார், விரட்டத்தான் போனார். விரட்டுவதற்குள் வடிவு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள், "அவளுக்கு மட்டும் தங்கியிருக்குமாக்கும்." அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், எங்க ஆளுக இப்படி, எங்களுக்குக் காதுல விழும், வெளிய கட்டிக்கொடுத்ததுல நாந்தான் மொத ஆளு, நான்தான் பிடிவாதமா நின்னேன் உங்களக் கட்டிக்கிடணும்னு. ஏன் என்னை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவருக்கு அப்போது ஓடியதெல்லாம் பழைய நினைப்புகளைப் பின்னோக்கிப் புரட்டுகிற வேலைதான், முதல் ராத்திரியில் என்ன நினைத்தோம், அவள் அம்மா செத்தபோது என்ன நினைத்தோம், எதிர்வீட்டு மாடியில் எதைப் பார்த்து எதை நினைத்தோம், ஐயோ அதுவுமா. மானம் போச்சு. அப்படியானால் அந்த மோர் பாசமில்லை. காதில் விழுந்தது, கொண்டுவந்தாள், அவ்வளவுதான், கடையில் ஆர்டர் எடுக்கிறவன் மாதிரி. இந்த ஒரு எண்ணம் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது, இன்றுவரை எடுக்க முடியவில்லை, முள் அங்கேயே இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது, தொடாமலும் இருக்க முடியவில்லை. கொஞ்சநாள் கழித்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அது இப்ப எனக்கு இல்லங்க. அந்த ஆஸ்பத்திரியோட போச்சு. பெரிய அடி விழுந்தா எங்க ஆளுகள்ல சிலருக்கு அடைச்சுக்கிடும். சத்தியமா எனக்கு ஒண்ணும் விழல," என்றாள். யார் நம்புவார். அவள் எதிரிலேயே உட்கார்ந்து மனசுக்குள் அசிங்க அசிங்கமாக வைது பார்த்தார், முகம் மாறவில்லை, என்ன நடிப்பு என்று நினைத்தார். அன்று மத்தியானமே மோர் வந்தது, கேட்காமல். இது எப்படி வந்துச்சு, சொல்லு, எப்படி வந்துச்சு என்று செம்பைத் தட்டிவிட்டார். செம்பு உருண்டு வாசற்படிவரை போனது. அவள் குனிந்து துடைத்தாள்.

சாம்பார் வந்தது. "அண்ணாச்சி, சாம்பார்?" தலையாட்டினார், தலையாட்டியதைப் பார்த்த பிறகுதான் ஊற்றினான். வீட்டுக்குள் மனசை எங்கே கொண்டுபோய் வைப்பது. பீரோவிலா பூட்ட முடியும். பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே சாப்பிட்டார், ரேடியோவை அலறவிட்டுக்கொண்டே படுத்தார், கடைசியில் கடையே கதி என்று கிடந்தார். பைத்தியம் பிடித்த மாதிரி ஒருநாள் சொந்த வீட்டு மொட்டை மாடியிலேயே குழாய் கட்டினார். கோடை வெயில், தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இந்த வீட்ல ஒருத்தி இருக்கா, உங்க மனசுல இருக்குறதெல்லாம் அவளுக்குத் தெரியும், எல்லாரும் ஜாக்கிரதையா இருந்துக்கிடுங்க என்று மைக்கில் சொன்னார், ரெண்டு தரம் சொன்னார். வடிவு அதே மாடியில் குழாய்க்கு அடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சட்டைகளைத்தான். கையில் எடுத்ததை உதறி, கொடியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கிளிப் மாட்டி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள். பையோடு தெருவில் நடந்து போனதை அவர் மேலே நின்று பார்த்தார். கூப்பிட்டிருக்கலாம், கையில் மைக்கே இருந்தது. அவள் அண்ணன் வீட்டோடு போனாள், அந்தக் கூட்டத்துக்குள்ளேயே மறைந்துபோனாள், எங்கு போய்க் கேட்டாலும் வெளியாளுக்குக் கதவு திறக்காது. அதற்கப்புறம்தான் நோட்டீஸ், பஸ் ஸ்டாண்டு, யூடியூபு எல்லாம். ஊரைக் காப்பாற்றப் போகிறேன் என்று ஊரிடம் சொன்னார். உள்ளுக்குள் கணக்கு வேறு. இவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனால் ஒளிந்துகொள்ள வீடு இருக்காது, தெரு இருக்காது, அப்போது அவள் எங்கே போவாள், தட்டுவதற்கு அவளுக்கு ஒரே ஒரு கதவுதானே மிஞ்சும். எவ்வளவு கேவலமான கணக்கு. கேவலம்தான், ஆனால் அந்தக் கதவை அவர் ஒருநாளும் தாழ் போட்டதில்லை. ஹலோ ஹலோ. ஹலோ. ஒன் டூ.

"அம்மா, இந்த மாமா ஒன் டூ த்ரீ சொல்லிட்டே இருக்காங்க." பக்கத்து இலையில் அம்மா மடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்த சின்னப் பெண். ஆறு வயசு இருக்கும், முன்பல் இல்லை. நாயகம் உதட்டைக்கூட அசைக்கவில்லை, அது அவருக்கு நிச்சயம். அந்த அம்மா பதறிப்போய், "ச்சு, சாப்பிடு" என்று குழந்தையின் வாயில் அப்பளத்தை வைத்து அடைத்தாள், அடைத்த பிறகும் அது மென்றுகொண்டே, "இப்ப அழுதாங்க," என்றது. முழுவதும் படத்தில் விழுந்திருக்கும், குரலோடு. கிடைத்துவிட்டது. இத்தனை வருசம் நாயாக அலைந்த ஆதாரம், இதோ பையில் சூடாக இருக்கிறது. பந்தியாவது ஒன்றாவது, இப்போதே எழுந்து போய்விடலாம், சாயங்காலத்துக்குள் ஊரே பார்க்கும், நல்லபெருமாளின் கடை வாசலில் கூட்டம் கூடும், பிச்சுமணி வீட்டுக் கல்யாணம் சந்தி சிரிக்கும். எழுந்திரும் நாயகம், எழுந்திரும் வே. கால் நகரவில்லை. பாயாசம் இன்னும் வரவில்லை. ஏலக்காய் வாடை வந்துவிட்டது, ஆனால் பாயாசம் வரவில்லை.

எதிர் வரிசையின் அந்தக் கோடியில் ஒரு மாம்பழ நிறப் புடவை. முந்தானையை இடுப்பில் செருகி, எவர்சில்வர் வாளியைக் கையில் கோத்து, குனிந்து நிமிர்ந்து வருகிறாள். காதோரம் மட்டுமில்லை, வகிடு நெடுகவே நரைத்திருந்தது. உடம்பு வற்றிப்போயிருந்தது. குனியும்போது ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொள்கிறாள், எப்போதிலிருந்து முட்டி வலி, யார் தைலம் தேய்க்கிறார்கள். அவள் குரல் கேட்டது. "பாயாசம் ஊத்தவா பெரியம்மா?" அந்தப் பெரியம்மா வாயைத் திறந்து, "ஒரு கரண்டி ஊத்துளா," என்றாள். அடுத்த இலை. "மாமா, ஊத்தவா?" "வேண்டாம்மா, சுகரு." அடுத்த இலை, "எனக்கு நெறையா அத்தை." இவ்வளவு நேரம் ஊமைப் பந்தியாக இருந்தது, அவள் நிற்கிற இடத்தில் மட்டும் பேச்சு முளைக்கிறது, அவள் தாண்டினதும் அடங்கிவிடுகிறது. எனக்காக நடிக்கிறாள் என்றுதான் நாயகம் முதலில் நினைத்தார், கேமராவுக்காக. ஆனால் அவள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லையே, நான் இருப்பதே அவளுக்குத் தெரியாதே. எதிர் வரிசை ஒல்லி மனுசர் பராக்குப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்க, அவள் கரண்டியோடு காத்துக்கொண்டு நின்றாள், மறுபடி கேட்டாள், அவர் திடுக்கிட்டு, "மன்னிச்சுக்கம்மா, ஊத்து," என்று சத்தமாகச் சொன்னார், காது மந்தமானவர்களிடம் பேசுகிற மாதிரி. தன் ஆட்களே அவளுக்கு வாயால் சொல்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் விழவில்லை. சத்தியம் பண்ணினாளே. அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு அப்புறம் வந்த மோர். அப்புறம் வந்த வெந்நீர், பிசைந்த சோறு, தலைவலி என்று சொல்லாத நாளில் நெற்றியில் விழுந்த கை. அதெல்லாம் எங்கிருந்து வந்தது. அவர் முகத்தைப் பார்த்து, நடையைப் பார்த்து, மூச்சைப் பார்த்து அவளாகவே தெரிந்துகொண்டதா. அந்தச் செம்பையா தட்டிவிட்டேன். வடிவு. ஏட்டி வடிவு. எண்ணிக்கை எங்கோ நின்றுபோயிருந்தது, ஒன்றும் இல்லை ரெண்டும் இல்லை, அணை உடைந்துவிட்டது. வீட்டுக்கு வந்துரு, கதவு திறந்துதான் கிடக்கு, எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல, ஓட்டல்ல முழிக்கேன், ராத்திரியில உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எந்திரிக்கேன், உன்னக் காட்டிக்கொடுக்கணும்னு அலையல, உன்னப் பாக்கணும்னுதான் அலைஞ்சேன், ஊரெல்லாம் கத்தினது உனக்குக் கேக்கணும்னுதான்.

பந்தி நின்றுபோயிற்று. எதிர் வரிசையில் கவளம் எடுத்த கைகள் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றன. ரசவாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த பிச்சுமணி வாசலோடு நின்றார், தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து இலை அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மண்டபம் முழுக்க அவர் நெஞ்சு ஒலிபெருக்கியில் போட்ட மாதிரி விழுந்துகொண்டிருக்கிறது, அத்தனை பேருக்கும் விழுகிறது, யாருக்குச் சொன்னாரோ அவள் ஒருத்திக்கு மட்டும் விழவில்லை. என்ன எல்லாரும் நிறுத்திட்டீங்க, உப்பு கூடிப்போச்சா என்று வடிவு சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்கு நகர்ந்தாள். யாரும் சொல்லமாட்டார்கள். ஒருத்தர் மனசில் விழுந்ததை இன்னொருத்தரிடம் கடத்தக் கூடாது என்பது அவர்கள் சட்டம், உயிர் போனாலும் மீறமாட்டார்கள். பையில் போன் ஓடிக்கொண்டிருந்தது, இதைவிடப் பெரிய ஆதாரம் இந்த ஜென்மத்தில் கிடைக்காது, அப்படி ஒன்று பையில் இருப்பதே அவருக்கு ஞாபகமில்லை. மாம்பழ நிறம் எதிர் வரிசையை முடித்துத் திரும்பி, அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்தாள். பார்த்தாள். கரண்டி வாளிக்குள் நழுவியது, மறுபடி எடுத்தாள்.

"பாயாசம் ஊத்தவா?" என்றாள்.

"ஊத்து."

ஊற்றினாள். போதுமா என்றாள். இன்னும் கொஞ்சம் என்றார், அவள் போய்விடக் கூடாது என்பதற்காக. மறுபடி ஊற்றினாள். போதுமா. இன்னும் கொஞ்சம். அடைப்பாயாசம் அவியலைத் தொட்டது, சோற்றைச் சுற்றிக்கொண்டது, இலையின் நுனியில் இறங்கி மேசைக் காகிதத்தில் வழிய ஆரம்பித்தது. இன்னும் என்றார். அவள் கரண்டியை நிறுத்தினாள். அவர் முகத்தையே பார்த்தாள், நெற்றி, கண், தாடை என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள், பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றாள், வருசக்கணக்கில் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"இலை தாங்காதுங்க," என்றாள் மெதுவாக. "வேற என்ன வேணும்? வாயத் தொறந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

வாயைத் திறந்தார். ஊர் ஊராக மைக் பிடித்த வாய். வந்துரு என்பது நாக்கு நுனியில் நின்றது, மன்னிச்சிரு என்பது அதை முட்டிக்கொண்டு பின்னால் நின்றது, ரெண்டும் வெளியே வர வழியில்லாமல் அடைத்துக்கொண்டன.  அவர் அவளைப் பார்த்தார். அடுப்படிக்கும் பந்திக்குமாகக் காலையிலிருந்து நடந்த கால், உள்ளே ஒட்டிப்போன வயிறு, வாளிக் கம்பி அழுத்திச் சிவந்த விரல். கட்டினவளைப் பார்த்து அவர் ஒருநாளும் கேட்டிராத கேள்வி அது, கேட்க வேண்டிய கேள்வி என்று தோன்றினதுகூடக் கிடையாது.

"நீ சாப்பிட்டியா வடிவு?" என்றார்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். 

"இன்னும் இல்ல," என்றாள்.